படிவம் ஏழு: தனியா, கூட்டா?

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் என்னால் தெருமுனை தாண்ட முடியாது. சில நாள் தாண்டிய பிறகும் திரும்பி வந்து நான்காவது முறை இழுத்துப் பார்ப்பேன். இதற்காகப் பெரியம்மா எனக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர் வைத்திருந்தார். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, "தாழ்ப்பாள் வந்தாச்சு, சாப்பாடு எடுத்து வை" என்று பெரியப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐயா, நீங்கள் என்னை அவசரக்காரி என்று எழுதிவிடக் கூடாது. ஆத்திரத்தில் செய்தாயா, யாராவது தூண்டிவிட்டார்களா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வராது. சந்தேகம்தான் வரும். சந்தேகம் வந்தால் நோட்டை எடுத்து எழுதிப் பார்ப்பேன். என் நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் சிவப்புக் கோடு இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் உறுதியானவை, வலப்பக்கம் சந்தேகமானவை. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் உங்களுக்கும் எளிதாக இருக்கும்.

ஆறு வயதில் அம்மா இறந்தபின் பெரியம்மா வீட்டுக்கு வந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா குடிநீர்த் துறையில் பம்ப் ஹவுஸ் மேற்பார்வையாளர். முப்பத்தாறு வருட சர்வீஸ். பெரியம்மா வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பார். நான் பகலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்புக்குப் போகிறேன். ஓய்வூதிய விதிகள், ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. கடைக்கு வரும் வயதானவர்கள் எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். என்னால் யாருக்காவது நன்மை நடக்கட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஆசிரியர் ஓய்வுபெற்ற அதிகாரி. பச்சை மையில்தான் திருத்துவார், அதனால் அவருக்குப் பெயரே பச்சை மை. என் நோட்டைப் பார்த்து, "எல்லா இணைப்பையும் முன்னாடியே தயாரா வெச்சிக்கிற பழக்கம் நல்ல பழக்கம்மா. கடைசி நேரத்துல ஓடுறவனுக்குத்தான் கோப்பு திரும்பி வரும்" என்று வகுப்பு முன்னால் பாராட்டினார். அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியப்பா போன மாதம் முப்பதாம் தேதியோடு ஓய்வு பெற வேண்டும். ஓய்வு பெறுகிறவர் படிவம் ஏழைக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று 'தனி'. அதில் குறியிட்டால் உயிரோடு இருக்கும்வரை முழு ஓய்வூதியம் வரும், இறந்த மறுநாளே நின்றுவிடும். மற்றது 'கூட்டு'. அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ ஆயுள் முழுக்கப் பாதி வரும். ஓய்வு பெறும் நாள்வரை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பின் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்று பச்சை மை சொல்வார்.

ஐந்தாம் தேதி, புதன்கிழமை, பெரியப்பா அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் எடுத்துப் பார்த்தேன். 'தனி'யில் குறியிட்டிருந்தார்.

"பெரியப்பா, கட்டம் மாத்திப் போட்டுட்டீங்க."

"மாத்தியெல்லாம் போடல. சரியாத்தான் போட்டிருக்கேன்."

"உங்களுக்கு அப்புறம் பெரியம்மாவுக்கு ஒத்தைக் காசு வராது."

"எனக்கு அப்புறமா? உங்க பெரியம்மா என்னை அவ்வளவு சீக்கிரம் விடுவாளா? தைக்கக் குடுத்த துணி மாதிரி, முடியற வரைக்கும் கையில வெச்சிருப்பா."

பெரியம்மா தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "அவர் போட்டா சரியாத்தான்டி இருக்கும்" என்றார்.

'தனி' என்று போட்டால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். பெரியம்மா எழுந்து வந்து, என் கண் முன்னால், கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஊசியில் நூல் கோக்க வராது. நோட்டில் பாருங்கள், இடப்பக்கம்: 'பெரியம்மா படிக்காமல் கையெழுத்திட்டார்.' அதே நாள் வலப்பக்கம்: 'பெரியப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு?'

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். "நீ படிச்சது ஆறு மாசம், நாங்க குடும்பம் நடத்துறது முப்பத்தோரு வருஷம். போய்க் கதவு பூட்டியிருக்கான்னு பாரு போ" என்று சிரித்தார். அவர் கெட்டவர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் தனக்குப் பின்னால் ஒரு பெண் எதைச் சாப்பிடுவாள் என்று யோசிக்காத மனிதர் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதை இடப்பக்கத்தில் எழுதினேன்.

இன்னொன்றும் இடப்பக்கத்தில் ஏற்கனவே இருந்தது. பெரியப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் அறையில் நானும் இருந்தேன். "முப்பத்தாறு வருஷமா ஊர் வால்வையெல்லாம் நான் பாத்தேன். என் வால்வைப் பாக்க ஆள் இல்ல பாருங்க" என்று பெரியப்பா டாக்டரையே சிரிக்கவைத்தார். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு என்று டாக்டர் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

ஆறாம் தேதி வியாழக்கிழமை வகுப்பில் பச்சை மை பலகையில் ஒரு கோடு கிழித்து நடுவில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளிதான் ஓய்வு பெறும் நாள். புள்ளிக்கு ஒரு நாள் முன்னால் ஊழியர் இறந்தால், அவர் பணியில் இருக்கும்போது இறந்தவர். அப்போது படிவம் ஏழுக்கு மதிப்பே இல்லை. எதில் குறியிட்டிருந்தாலும் சரி, மனைவிக்குப் பாதி ஓய்வூதியம், ஆயுள் முழுக்க. ஒரு நாள் பின்னால் இறந்தால் படிவம் என்ன சொல்கிறதோ அதுதான்.

வங்கியில் தட்டச்சு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பின் வரிசையில் இருப்பார். "அப்போ சாகறதுக்கும் தேதி பாத்துத்தான் சாகணும் போல சார்" என்றார்.

"பாத்தா குடும்பத்துக்கு நல்லதுதாம்மா" என்றார் பச்சை மை.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தகுதி நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்து வருட சர்வீஸ் இருக்க வேண்டும், இருந்தது. திருமணம் பதிவாகியிருக்க வேண்டும், ஆகியிருந்தது. இறக்கும்போது ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும், வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா எல்லா வகையிலும் தகுதியானவர். குறை ஒன்றே ஒன்றுதான், பெரியப்பா உயிரோடு இருந்தார்.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நான் சொல்வதை விதிப்படி மட்டும் பாருங்கள், ஐயா. எப்படியும் ஒன்றரை ஆண்டுக்குள் இறக்கப்போகிறவர். முப்பதாம் தேதிக்குப் பின் இறந்தால் பெரியம்மாவுக்கு மிச்சமிருக்கும் இருபது இருபத்தைந்து வருடமும் தையல் மெஷின்தான். முன் இறந்தால் கவலை இல்லை. ஒருவருடைய ஒன்றரை ஆண்டு ஒரு பக்கம், இன்னொருவருடைய இருபத்தைந்து ஆண்டு இன்னொரு பக்கம். நான் அதை மூன்று முறை கழித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே விடைதான் வந்தது.

வீட்டில் இரண்டு மாத்திரைப் பெட்டிகள் உண்டு. ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகள். வெள்ளை பெரியப்பாவுக்கு, பச்சை பெரியம்மாவுக்கு. ஞாயிறு தோறும் நிரப்பும் வேலை என்னுடையது. பெரியப்பா மறப்பார், பெரியம்மா மாற்றிப் போடுவார், நான்தான் எண்ணி, மறுபடி எண்ணி, மூடுவேன். இருவரும் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வாயில் போட்டுக்கொள்வார்கள். அவ்வளவு நம்பிக்கை.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைப் பெட்டியில் இதய மாத்திரைகளுக்குப் பதிலாக, அதே அளவில், அதே நிறத்தில் இருந்த சத்து மாத்திரைகளை வைத்தேன். பதினாறாம் தேதியும் வைத்தேன். இருபத்து மூன்றாம் தேதியும் வைத்தேன். நான் விஷம் வைத்தேன் என்று கடைக்குப் பக்கத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறான தகவல். நான் அவருக்குச் சத்து மாத்திரைதான் கொடுத்தேன்.

அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. முப்பதாம் தேதியைத் தாண்டிவிடுவாரோ என்று பயம். ஒவ்வொரு காலையும் அவர் இருமிக்கொண்டே எழுந்து வந்து, "என்னம்மா, இப்படிப் பாக்குற?" என்று கேட்பார். "கால் வீங்கியிருக்கு பெரியப்பா" என்பேன். "வயசாச்சுல்ல" என்பார். எனக்கு அவர்மேல் மிகவும் பரிவாக இருந்தது. தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று நோட்டில் 'இரண்டாம் வழி' என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. அதனால் அந்தப் பக்கத்தை நீங்கள் படிக்க வேண்டியதில்லை.

இருபத்தாறாம் தேதி புதன்கிழமை பிற்பகலில் பம்ப் ஹவுஸில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். முன்னால் பதிவேடு திறந்திருந்தது. மூன்று மணி அழுத்த அளவை எழுதி முடித்திருந்தார். உடன் வேலை பார்த்தவர்கள், "டியூட்டியிலயே போயிட்டாரு, கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். நான்கு நாள் மிச்சமிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. ஒரு மருத்துவமனையிலிருந்து, பெரியப்பா பெயருக்கு. வரும் பன்னிரண்டாம் தேதி வால்வு மாற்று அறுவைசிகிச்சை, தவணைத் திட்டம் ஏற்கப்பட்டது, முந்தைய நாளே வந்து சேரவும். நான் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு அந்தக் கடிதத்தைத் துணி மடிப்பதுபோல் நான்காக மடித்தார்.

"நான்தான்டி தனின்னு போடச் சொன்னேன்" என்றார்.

மடித்த கடிதத்தை மெஷின் மேல் வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"கூட்டுன்னா மாசாமாசம் வர்றது குறையும். குறைஞ்சா ஆஸ்பத்திரிக்காரங்க தவணைக்கு ஒத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த மனுஷன் முடியவே முடியாதுன்னாரு. 'அப்புறம் உனக்கு என்னடி இருக்கும்'னு ரெண்டு நாள் சோத்துல கையே வெக்கல. நான்தான், 'நீங்க இருந்தாப் போதும், எனக்கு அப்புறம்ங்கிறதே வேணாம்'னு சண்டை போட்டேன். அந்த ஃபாரத்தை முந்தின நாளே வரி வரியாப் படிச்சுப் பாத்துட்டேன். பதினஞ்சு வருஷம் கேரண்டின்னாரு டாக்டர்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா? கதவு பூட்டினோமாங்கிறதுக்கே தூக்கம் வராது உனக்கு. ஆபரேஷன்னு சொல்லியிருந்தா பன்னெண்டாம் தேதி வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் தூங்க விட்டிருப்பியா?"

சொல்லிவிட்டு அழுதார். நான் போய் நோட்டைப் பார்த்தேன். டாக்டர் அன்று சொன்னது, "இப்படியே விட்டால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு." நான் எண்களை எழுதியிருந்தேன். முதல் இரண்டு சொற்களை எழுதவில்லை. எழுதும்போது எண்கள் முக்கியம் என்று தோன்றும், அது என் குறை. ஆனாலும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அறுவைசிகிச்சை என்றால் நூற்றில் பத்துப் பேர் மேசையிலேயே இறந்துவிடுகிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். 'தனி' என்று கையெழுத்தான பின் மேசையில் இறந்திருந்தால் பெரியம்மாவின் கதி என்ன? அந்தப் பத்துப் பேரில் ஒருவராகப் பெரியப்பாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் நான் செய்ததில் பிழை இல்லை. அப்படித்தான் எழுதிவைத்தேன். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மட்டும் குழப்பமாக இருந்தது, கோட்டின் மேலேயே எழுதிவிட்டேன்.

பத்தாம் தேதி கோப்பை எடுத்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனேன். ஒன்பது தாள்கள், வரிசைப்படி, எண்ணிட்டு. கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டி, "இந்த மாதிரி கோப்பு வந்து எவ்வளவு நாளாச்சு, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது தாளில் நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க பெரியப்பா தவறினது எந்தத் தேதி?"

"இருபத்தாறு, மேடம்."

"இந்த நோட்டரி முத்திரை?"

நான் பார்த்தேன். "பதினொண்ணு."

"அதே மாசம்தானே?"

"அதே மாசம்தான்."

"அப்போ, 'என் கணவர் இறந்துவிட்டார்'னு உங்க பெரியம்மா பதினொண்ணாம் தேதியே உறுதிமொழி குடுத்திருக்காங்க. அன்னைக்கு அவரு என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?"

"டியூட்டியில இருந்தாரு, மேடம்" என்றேன். கேட்ட கேள்விக்கு உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். எங்கள் கட்டடத்து நோட்டரி மாதக் கடைசியில் விடுமுறையில் போவார். அதனால் இணைப்புகளை முன்னாடியே தயார் செய்தேன். இறந்த தேதியை மட்டும் காலியாக விட்டு, பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கி, மற்ற தாள்களோடு சேர்த்துக் கொடுத்தேன். நோட்டரி படிக்காமல் எல்லாவற்றிலும் முத்திரை குத்தினார். அதில் தேதி விழும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு முத்திரையை நகல் எடுக்கிறேன், தெரியாமல் இருக்குமா. ஆனால் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு ஜன்னல் நினைவுக்கு வராது. பச்சை மை இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது.

வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். பன்னிரண்டாம் தேதி. ஆறாவது தாளைப் பெரியம்மாவிடம் காட்டி, இதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டீர்கள்.

"இல்லைங்க" என்றார் பெரியம்மா. "வெளியாள் யார் குடுத்தாலும் படிச்சுப் பாப்பேன். இவ குடுத்தா எதுக்குப் படிக்கணும்?"

அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்த்தார். இன்னும் ஒன்றும் புரியாமல்தான் பார்த்தார். நீங்கள் நோட்டையும் வெள்ளைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வரச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தப் பெட்டியில் வியாழன், வெள்ளி, சனி மூன்று அறைகளும் நிரம்பியபடியே இருக்கும். அவர் புதன்கிழமையோடு போய்விட்டார், வாரம் முடியவில்லை, அதனால் நான் காலி செய்யவில்லை. எடுத்து எறிந்திருந்தால் உங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது என்கிறீர்கள். பாதி வாரத்தில் பெட்டியைக் காலி செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

ஆகவே பெரியப்பாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது முழுமைக்காக எழுதியது, வேறொன்றும் இல்லை. பதினான்காம் விதி, இரண்டாம் பகுதி. ஓய்வூதியத்துக்குத் தகுதியான மனைவியும் இறந்துவிட்டால், அந்தத் தம்பதி வளர்த்த பிள்ளைக்கு, அது படித்துக்கொண்டிருந்தால், இருபத்தைந்து வயது முடிந்திராவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அதே தொகை. மாலை வகுப்பும் படிப்பில் சேருமா என்ற சந்தேகம் இருந்தது, பச்சை மையிடம் கேட்டேன், சேரும் என்றார். நான் அடுத்த ஆறு மாதப் படிப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு இந்தச் சனிக்கிழமை இருபத்தைந்து முடிகிறது. பக்கத்தின் ஓரத்தில் தேதியைச் சுழித்திருப்பது அதனால்தான். பிறந்தநாளைக் குறித்துவைப்பது தவறா?

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. நேற்று ஞாயிற்றுக்கிழமை அல்லவா, வழக்கம்போலப் பச்சைப் பெட்டியை நிரப்பிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். எண்ணி, மறுபடி எண்ணித்தான் மூடினேன், சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் என் சுபாவம் உங்களுக்கு இப்போது தெரியும், ஒன்றை நானே செய்திருந்தாலும் எனக்கு நிச்சயம் வராது. வியாழக்கிழமைக்குள் யாரையாவது அனுப்பி, அந்த நாளுக்குரிய ஓர் அறையை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மா பார்க்கமாட்டார்.